எண் இல்லாத ஜாக்கெட்

ஆழ்கடல் முக்குளிப்புக்குச் சொந்தச் சாமான் வாங்க ஒரு வரிசை இருக்கிறது. எந்தக் கடையில் கேட்டாலும் அதையே சொல்வார்கள். முதலில் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், ஏனென்றால் முகம் ஆளுக்கு ஆள் வேறு. பிறகு காலுக்குத் துடுப்பு போன்ற ஃபின்ஸ். பிறகு ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவி. அதற்குப் பிறகு ரெகுலேட்டர், அதாவது முதுகில் இருக்கும் சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் குழாய்களும், வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர் கட்டையும். கடைசியில் ஜாக்கெட். அதில் காற்றை நிரப்பினால் மிதக்கலாம், காற்றை விட்டால் இறங்கலாம். சிலிண்டரைக் கட்டுவதும் அதன் முதுகில்தான். பெரியது, கனமானது, வாடகைக்கு எங்கும் கிடைப்பது. அதனால் கடைசி.

என் தம்பி வரிசை பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலம் தாண்டி ஜோகூர் பாருவுக்கு வந்தவன், நேராகக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே பையில் வாங்கிக்கொண்டு பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு வந்தான். அன்று சாயங்காலம் முழுவதும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரவேற்பறையில் நடந்தான். "பாக்க ஆமை மாதிரி இருக்கடா" என்றார் அம்மா. அவன் குனிந்து கழுத்தை நீட்டி நீட்டிக் காட்டினான். அடுத்த வாரம் அந்தப் பையை எடுத்துக்கொண்டு மெர்சிங் பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

நடந்ததில் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவன் போன படகில் ஒரு வழக்கம் இருந்தது. வாடகை ஜாக்கெட்டுகளின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருப்பார்கள். முக்குளித்தவர்கள் மேலே ஏறியதும் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகின் ஓரத்தில் உள்ள கொக்கிகளில் மாட்டுவார்கள். கொக்கிகளுக்கும் எண் உண்டு. எல்லாக் கொக்கியும் நிறைந்துவிட்டால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பொருள். ஆட்களை எண்ணுவதைவிட இது சுலபம். ஆட்கள் இடம் மாறுவார்கள், கழிப்பறைக்குப் போவார்கள், மூலையில் படுத்துத் தூங்குவார்கள். பல வருடம் இப்படியே ஓடியிருக்கிறது, தப்பு வந்ததில்லை.

தம்பியின் ஜாக்கெட் சொந்தம். அதற்கு எண் இல்லை, கொக்கியும் இல்லை. அவனோடு ஜோடியாக இறங்கியவர் காது வலித்துப் பாதியிலேயே மேலே வந்து, முன்பக்கம் படுத்துவிட்டார். தம்பி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பான் என்று நினைத்தாராம். மழை மேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொக்கிகள் நிறைந்தன. படகு கிளம்பியது. கரைக்கு வந்து படகைக் கழுவும்போது ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர், அந்த ரப்பர் செருப்பு, மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் அது யாருடையது என்று கேட்டார்கள்.

பல நாள் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் படகு இப்போது ஓடுவதில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தேன். நான் மெர்சிங்குக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பக்கத்து நிருபர் அனுப்பிய செய்தி என் திரைக்கு வந்துவிட்டது. காணாமல் போனவர் யார் என்று அவருக்குத் தெரியாது. 'பரிதாபமாக' என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது, எடுத்தேன். அதை நாங்கள் எல்லாச் செய்தியிலும் எடுப்போம். மற்றதை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். உடல் கிடைக்காதவரை யாரையும் இறந்தவர் என்று எழுதுவதில்லை என்பது அந்த மேசையின் விதி.

அம்மாவும் அந்த விதியின்படியே இருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் குடும்பக் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்காகத் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. தூர தேசத்தில் செத்தவர்கள், எரிக்கப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோருக்கும் அதன் அடியில்தான் மெழுகுவர்த்தி. அப்பாவின் கல்லறையோடு அம்மா நின்றுவிடுவார். நடுச் சிலுவைப் பக்கம் திரும்பவே மாட்டார். என் தங்கை ஒரு வருடம் அங்கே ஒன்றை ஏற்றிவிட்டு வந்தபோது, "யாருக்குடி?" என்று கேட்டார். அவள் விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டினாள். "யாருக்கோ ஏத்துனா புண்ணியம்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா காரை நோக்கி நடந்தார்.

சில வருடம் கழித்து நான் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். பார்க்காத இடத்தைப் பற்றி எழுதாதே என்று நாளிதழில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பார்க்காத இடத்தைப் பற்றி நினைத்துக்கொண்டே இருப்பதும் சரிப்படவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சீசனிலும் நாலைந்து தடவை போய்வரத் தொடங்கினேன்.

அம்மா ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. இதைக் கேட்பவர்கள் நம்புவதில்லை. போய்வந்ததும் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவார். "என்ன பாத்த?"

"ஆமை பாத்தேன். கடல் விசிறிப் பவளம் நிறைய. தண்ணி தெளிவா இருந்துச்சு."

"எவ்ளோ தூரம் தெரிஞ்சுச்சு?"

"இங்கேருந்து எதிர்வீட்டு கேட்டு வரைக்கும்."

அவர் எதிர்வீட்டு கேட்டைப் பார்ப்பார். வேறு எதையும் கேட்க மாட்டார். நானும் ஒன்றைச் சொன்னதில்லை. தண்ணீருக்கடியில் படகின் இன்ஜின் சத்தம் நன்றாகக் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. ஒலி தண்ணீரில் மிக வேகமாகப் போவதால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. படகு நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதைக் கொஞ்ச நேரம் கேட்ட பிறகே சொல்ல முடியும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஜாக்கெட்டை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

"வாடகைச் சாமான்னா சாயங்காலம் ஒருத்தன் தேடுவான். உன்னத் தேடலன்னாலும் அவன் சாமானத் தேடுவான்ல."

"இப்ப எல்லாப் படகுலயும் ஆளத்தான் எண்ணுறாங்கமா. தோளத் தொட்டு எண்ணுறாங்க."

"அப்பவும் எண்ணத்தான் செஞ்சாங்க" என்றார். சொந்த ஜாக்கெட் இந்த வீட்டுக்குள் வந்தால், அன்றே லாயாங் லாயாங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். "உன்னோட சண்டை போட மாட்டேன். ஆனா அத வெச்சிக்கிட்டு இந்த வீட்டுல என்னால படுக்க முடியாது."

அம்மா சொன்னால் செய்வார். அதனால் நாலு சீசன் எண் போட்ட ஜாக்கெட்டுகளிலேயே இறங்கினேன்.

நாலாவது சீசனின் நடுவில் ஒரு நாள், பாறையொன்றின் பக்கமாகப் பன்னிரண்டு மீட்டரில் இருந்தபோது, வாடகை ஜாக்கெட் தானாக ஊதத் தொடங்கியது. காற்று நிரப்பும் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டுவிட்டது. நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். வேகமாக மேலே போனால் நுரையீரல் கிழியலாம். காற்றை வெளியேற்றும் கயிறு வலது தோளில் இருக்கும் என்று கை அங்கே போனது. அந்த ஜாக்கெட்டில் அது இடுப்பில் இருந்தது. கை தேடியது. கூட வந்தவர் என் காலைப் பிடித்து இழுத்து, ஜாக்கெட்டுக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்தபோது மூக்கில் கொஞ்சம் ரத்தம் மட்டும்.

நான் வழக்கமாகப் போகும் கடை ஜோகூர் பாருவில், மாடியில் இருக்கிறது. கடைக்காரர் சீனப் பெண்மணி, வெயிலில் முகம் முழுக்கப் புள்ளி விழுந்தவர். மலாய்தான் பேசுவார், என்னை 'அபாங்', அதாவது அண்ணே, என்பார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அபாங், வாடகை ஜாக்கெட்டுங்கறது வாடகைச் செருப்பு மாதிரி லா" என்றார். "நடக்கலாம். ஓட முடியாது. பயத்துல கை தானா போற இடத்துல பொத்தான் இருக்கணும். அதுக்கு ஒரே ஜாக்கெட்டா இருக்கணும்."

"இப்பவே வாங்கணுமா?"

"அவசரம் இல்ல. மாஸ்க்லேருந்து ஆரம்பிங்க."

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. பட்டையைத் தலையில் மாட்டாமல், வெறுமனே முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். நான் வைத்ததெல்லாம் விழுந்தது. கடைக்காரர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மாஸ்க்ல தப்பில்ல. மீசை. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவுல மயிர் இருந்தா தண்ணி வரும். மீசைய எடுங்க, இல்ல கடல மூக்குல எடுங்க."

கல்லூரி நாளிலிருந்து இருந்த மீசை. வீட்டுக்கு வந்து குளியலறையில் எடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னவனே, சாப்புட்டியா?" என்றார்.

சாதாரணமாக, நேற்றும் கேட்டதுபோலக் கேட்டார். தம்பி மீசை வைத்ததில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே வாய் என்று சின்ன வயதில் சொல்வார்கள். மீசை வளர்ந்த பிறகு யாரும் சொல்லவில்லை. நான் நின்றேன். அம்மாவும் கத்தியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "நீயா" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

மீசையில் வாஸ்லின் தடவினாலே போதும் என்று பிறகு ஒருவர் சொன்னார். மறுபடி வளர்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உன் மூஞ்சி, உன் இஷ்டம்." நான் வளர்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கும் நேரம் கூடியிருந்தது. பார்ப்பது என்னையா என்று மட்டும் தெரியவில்லை.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைப் போக்கப் பற்பசை தேய்க்க வேண்டும். நான் தேய்ப்பதைப் பார்த்து, "அதுக்கும் பல்லு வெளக்குறியா?" என்று கேட்டார். சிரித்தேன். அவரும் சிரித்தார். மாஸ்க் அவருக்குப் பிரச்சினை இல்லை. முகத்துக்கு மாட்டுவது அவரவர் முகத்துக்குப் பொருந்த வேண்டும், சரிதான் என்றார். ஃபின்ஸ் வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கருவியை வாங்கிப் பார்த்து, இது எவ்வளவு நாள் தண்ணீரில் ஓடும் என்று கேட்டார். பேட்டரி இருக்கும்வரை என்றேன். "அப்புறம் நின்னுரும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபரில் ரெகுலேட்டர். அதன் வாய்க்கட்டையைக் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்து, சூடு தாங்கும்போது கடித்துப் பிடித்தால் நம் பல்லின் வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். பால் காய்ச்சும் சிறிய சட்டியில் நீரைக் கொதிக்க வைத்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அவனும் இதே சட்டியிலதான் போட்டான்."

நான் கட்டையைக் கடித்துப் பிடித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

"வாய் பொத்துப்போச்சு அவனுக்கு. ஐஸ் எடுத்துக் குடுத்தேன்." சட்டியை எடுத்து நீரைக் கொட்டினார். "அவன் பல்லுக்கு ஏத்த மாதிரி இருக்கும் இன்னும். இல்ல?"

ரப்பர் உப்புநீரில் எத்தனை வருடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று தலையசைத்தேன்.

நவம்பரில் கிழக்குக் கரைக் கடல் மூடும். பருவமழையில் தீவுகளுக்குப் படகு போகாது, மார்ச்சில்தான் திறக்கும். ஜாக்கெட்டை எப்போது வாங்குவது என்பதில் கடைக்காரரே இரண்டு பக்கமும் பேசினார். சீசன் முடிவில் வாங்கினால் பழைய இருப்பை விலை குறைத்துத் தருவார். ஆனால் நாலு மாதம் அலமாரியில் கிடந்தால் ரப்பர் வளையங்கள் காயும். குறை இருந்தாலும் கடலில் போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. மார்ச்சில் வாங்கினால் அடுத்த வாரமே சோதித்துவிடலாம். "விலை பாத்தா நவம்பர். தூக்கம் பாத்தா மார்ச்" என்றார்.

என் கணக்கு வேறாக இருந்தது. நவம்பரில் வாங்கினால் அது வீட்டில் நாலு மாதம் தொங்கும். தோள் வைத்து, இடுப்பு வைத்துத் தைத்த சாமான் அது. கொக்கியில் மாட்டினால் உள்ளே ஆள் இல்லாத ஆள் மாதிரி இருக்கும். காரிலேயே பூட்டி வைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அம்மாவிடம் சொல்லாமல் வாங்கலாமா என்று ஒரு தடவை நினைத்து, உடனே விட்டேன். அவர் கண்டுபிடிப்பார் என்பது காரணம் இல்லை. நான் வராமல் போகும் நாளில், எந்த ஜாக்கெட்டில் போனேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினேன். பொத்தான் மாட்டிக்கொண்ட கதையை முதலில் அவரிடம் சொல்லவில்லை, இப்போது சொன்னேன். கை தேடியதையும் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் தேடுச்சு?"

"கொஞ்ச நேரம்தான்."

"வாடகைது கொன்னுடும், சொந்தது தொலைச்சிடும். இதுல எத எடுக்கட்டும்னு எங்கிட்ட கேக்குற."

"உங்ககிட்ட கேக்கலமா. சொல்றேன்."

"போவாம இருக்க முடியாதா உன்னால?" அந்தக் கேள்வியை அவர் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான் யோசித்தேன். "நான் போவலன்னா நம்ம வீட்டுலேருந்து யாரும் அங்க போவ மாட்டாங்க" என்றேன். அது வாதத்துக்காகச் சொன்னது இல்லை. அம்மா எழுந்து போய் மழைக்கு ஜன்னலைச் சாத்தினார்.

மார்ச்சில், அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய் வாங்கினேன். கடையில் மாட்டிப் பார்த்தபோது, கடைக்காரர் ஒரு சிலிண்டரையும் கட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார். "வலது தோள். இழுங்க. இடது கை. பொத்தான். மறுபடியும்." கண்ணை மூடியபடி பலமுறை செய்தேன். ஒவ்வொரு தடவையும் கை சரியான இடத்துக்குப் போனது. கண்ணைத் திறந்தபோது எதிரில் ஆளுயரக் கண்ணாடி. மீசை இல்லாத ஒருவன் கறுப்பு ஜாக்கெட்டில் நின்றுகொண்டிருந்தான். அவசரமாகக் கழற்றினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் பை ஏற்கெனவே வாசலில் இருந்தது. கோபமாக இல்லை. காரின் பின்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. தங்கை வந்து கூட்டிப்போனாள். "அண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணுதான் நீங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேர் என்று அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சீசனின் முதல் வாரங்களில் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. படகு ஆடியது. நான் கிளம்பும்போதே படகுக்காரரிடம் போய், என் ஜாக்கெட் சொந்தம், இந்தப் படகில் எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். நடுவயது மலாய்க்காரர். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கடற்கரையில் அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். "ஆளைத்தான் எண்ணுவேன். தொட்டு எண்ணுவேன். சரியா வராம இன்ஜின் போட மாட்டேன்" என்றார்.

இறங்கினேன். புது ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நின்றது. பொத்தானைத் தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் தெளிவாக இல்லை. ஜோடியாக வந்தவரின் மஞ்சள் ஃபின்ஸ் மட்டும் கொஞ்சம் முன்னால் தெரிந்து தெரிந்து மறைந்தது. நடுவில் எங்கேயோ ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. எங்கள் படகு நங்கூரத்தில் நின்றது. அது வேறு படகாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நான் அசையாமல் நின்று கேட்டேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பிறகு மெலிந்தது. மெலிந்து முடியும்வரை நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஜோடிக்காரர் திரும்பி வந்து விரல்களால் கேட்டார், சரியா? சரி என்று காட்டினேன்.

மேலே ஏறி எல்லோரும் பலகைகளில் உட்கார்ந்தோம். படகுக்காரர் பின்பக்கமிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, மலாயில் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். என் தோளையும் தொட்டார். முன்பக்கம் போய்க் கடைசி ஆளைத் தொட்டதும் நின்றார்.

"அலமாக். ஒண்ணு கூட இருக்கு."

"டிக்கெட் இல்லாம ஒருத்தன் ஏறிட்டான் லா" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். படகுக்காரர் சிரிக்கவில்லை. எல்லோரையும் இடத்தைவிட்டு நகராமல் இருக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கமிருந்து பின்பக்கமாக மறுபடி எண்ணினார். சரியாக வந்தது. இன்ஜினைப் போட்டார்.

எனக்குத் தோன்றும் விளக்கம், அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்திலிருந்து யாரோ எழுந்து முன்னால் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவை தொடப்பட்டிருப்பார். நான் எதிர்ப்பக்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதால் எழவில்லை என்றாகாது.

கரைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்மா. மெர்சிங்லதான் இருக்கேன்."

"எண்ணுனாங்களா?"

"எண்ணுனாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நடந்ததில் பாதியை மட்டும் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "மொத தடவை ஒண்ணு கூட வந்துச்சு."

அந்தப் பக்கம் தங்கை வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது. யாரோ அதன் ஒலியைக் குறைத்தார்கள்.

"அப்புறம்?"

"மறுபடி எண்ணுனாங்க. சரியா இருந்துச்சு."

"எதுக்குடா மறுபடி எண்ணுனாங்க?"

"கூட வந்தா எண்ணித்தானே ஆவணும்மா."

"கொறஞ்சா எண்ணணும். கூட வந்தா எதுக்கு எண்ணணும்?" குரல் உயரவில்லை. "அப்படியே விட்டுட்டுக் கெளம்பியிருக்கலாம்ல."

படகுத்துறையில் ஒருவர் ஐஸ் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார். அவர் கடந்து போக ஒதுங்கி நின்றேன்.

"இந்தப் பக்கமா வா" என்றார் அம்மா. "நான் வீட்டுக்கு வர்றேன்."

குளுவாங் வழியாக லாயாங் லாயாங் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா பையோடு வாசலில் நின்றார். தங்கை, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். அம்மா, நேரமாகிறது என்றார். பையை வைக்கப் பின்பெட்டியைத் திறந்தேன். ஜாக்கெட் இன்னும் ஈரமாக, மடங்கிக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தார். குனிந்து அதன் தோள்பட்டையை இரண்டு விரலால் பிடித்து, தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பதுபோலப் பிழிந்தார். பிறகு விரல்களை முகர்ந்தார். பையைத் தானே அதன் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

பின்சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும். காரில் எப்போதும் முன்சீட்தான். அன்று முன்கதவை நான் திறந்துவிட்டும், அவர் பின்கதவைத் திறந்து ஏறினார்.

"முன்னால வாங்கமா. வாந்தி வரும்."

"வராது. நீ ஓட்டு."

"ஏன்மா?"

"ஓட்டுடா" என்றார். கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஏறி, செனாய் தாண்டி, பெர்மாஸ் ஜெயா வரும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் காருக்கு எண்ணெய் போட நிறுத்தினேன். திரும்பி வந்தபோது முன்பக்க இருக்கைமேல் நான் விட்டுப்போன என் தொலைபேசியும் தண்ணீர் போத்தலும் அங்கே இல்லை. அம்மா அவற்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.